மீட்டரில் 1.2, காதில் வெறும் இரைச்சல்: தக்கலை – பேச்சிப்பாறை ரேடியோ இணைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலை ஒட்டிப் போனது. கடலுக்குப் போனவர்களை இழந்த தூத்தூர், வள்ளவிளை ஊர்களின் துயரத்துக்கு முன்னால் நான் சொல்லப் போவது ஒன்றுமே இல்லை. ஆனாலும் இந்த வேலையில் நான் இறங்கியது அந்த நாளால்தான். என் தாய்மாமா குலசேகரம் தாண்டி, பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் விளையில் (தோட்டத்தில்) தனியாக இருக்கிறார். நான் தக்கலைக்குப் பக்கத்தில். அன்று கரண்ட் போனது, அப்புறம் செல்போன் டவர்களும் ஒவ்வொன்றாக அடங்கின, மூன்று நாள் மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான்காம் நாள் பைக்கில் கிளம்பி, விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே தூக்கியும் தள்ளியும் போய், கடைசி இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். மாமா திண்ணையில் உட்கார்ந்து ஒட்டுப்பால் (மரத்திலேயே உறைந்து ஒட்டிய ரப்பர்) பிரித்துக்கொண்டிருந்தார். "எனக்கென்ன மக்களே, மரந்தான் போச்சு" என்றார். முந்நூறுக்கும் மேல் மரம் சாய்ந்திருந்தது.

திரும்பி வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன், டவரையும் கரண்டையும் நம்பாமல் அவரோடு பேச ஒரு வழி வேண்டும் என்று. அதற்கு ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கிய தனி ஆட்கள் வியாபாரம் இல்லாமல் பேசிக்கொள்கிற வயர்லெஸ். அந்த முடிவிலிருந்து மாமாவின் குரல் சுத்தமாகக் கேட்கும் வரை நான் என்னென்ன செய்தேன், எங்கே தவறான இடத்தைப் பிடித்துத் தொங்கினேன், கடைசியில் கோளாறு எங்கே இருந்தது என்பதை எண்களோடு எழுதுகிறேன். வீட்டில் ஆன்டெனா வைக்க நினைப்பவர்கள், முக்கியமாக "எனக்கு ரிப்பீட்டர் இல்லாமல் முடியாது" என்று நினைப்பவர்கள் (ரிப்பீட்டர் என்றால் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் இடைநிலையம், பின்னால் விளக்குகிறேன்), முழுதும் படியுங்கள்.

லைசென்ஸ்

வாக்கி டாக்கியை ஆன்லைனில் வாங்கி அழுத்திப் பேசினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் அப்படி இல்லை. லைசென்ஸ் இல்லாமல் யாரும் பேசலாம் என்று விட்டிருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்னத் துண்டு, அதிலும் அரை வாட்தான். அந்த அரை வாட் என்பது ஆன்டெனாவிலிருந்து வெளியே போகிற சக்தி, அதனால் மொட்டை மாடியில் பெரிய ஆன்டெனாவை மாட்டி அதைப் பெருக்கினால் அந்தச் சலுகை போய்விடும். மற்ற அலைவரிசைகளில் எல்லாம் வேலை செய்கிற செட்டுகளை அனுமதி விவரம் சொல்லாமல் விற்பதைப் பற்றி 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே ஆன்லைன் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பி, வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. லைசென்ஸ் முதலில், செட் அப்புறம்.

ஹாம் லைசென்ஸ் தருவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. என்கிற வயர்லெஸ் திட்டமிடல், ஒருங்கிணைப்புப் பிரிவு. 12 வயது ஆன யாரும் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை உண்டு. ஜெனரலுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலியால் எழுத்தை அனுப்பும் முறை) தெரிய வேண்டும், ரெஸ்ட்ரிக்டட்டுக்கு வேண்டாம். பேசுகிற இரண்டு பக்கமும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பதால் மாமாவும் எழுத வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு 58 வயது, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். காலையில் பால்வெட்டு முடித்து வந்து, மத்தியானம் ஓம் விதியை நோட்டில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார். திருவனந்தபுரத்தில் உள்ள வயர்லெஸ் கண்காணிப்பு நிலையத்தில் இரண்டு பேரும் ஒரே நாளில் எழுதினோம், இரண்டு பேரும் தேறினோம். என் தேர்ச்சியை விட அவர் தேர்ச்சிதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்கிறார்கள். ஹாம் அலைவரிசையில் வியாபாரம் பேசக் கூடாது. ரப்பர் ஷீட் விலை, லோடு எப்போது வரும் என்பதெல்லாம் அதில் கிடையாது. அதே போல கடலில் இருக்கிற போட்டோடு இந்த செட்டில் பேச முடியுமா என்றால், கூடாது. போட்டில் இருக்கும் வயர்லெஸ் கடல்சார் விஎச்எஃப், 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, அதற்கு வேறு லைசென்ஸ். நமக்குள்ளது 144 முதல் 146 வரை, அப்புறம் 434 முதல் 438 வரை.

முதல் முயற்சி

5 வாட் கைச் செட் இரண்டு. நான் மொட்டை மாடியில், மாமா முற்றத்தில். ஒன்றும் வரவில்லை, வரவும் வராது. ரேடியோ பார்வைத் தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஆன்டெனா உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். நிற்கிற ஆள் கையில் ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் 5 கிலோமீட்டர். 12 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் 14 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டையும் கூட்டினால் 19. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 18 கிலோமீட்டர். ஆனால் இந்தக் கணக்கு தட்டையான தரைக்கு, அல்லது கடலுக்கு. எங்கள் வீட்டிலிருந்து வடக்கே போகப் போக ஒரு மேடு, ஒரு இறக்கம், அதன்மேல் நெருக்கி நட்ட ரப்பர், அதற்குள் ஈரம் சொட்டுகிற இலை. அலை இதையெல்லாம் தாண்ட வேண்டும்.

அதனால் வீட்டில் நிலையான ஆன்டெனாவும், வண்டியில் வைக்கும் மாதிரி 25 வாட் செட்டும் வைத்தேன். ஆன்டெனா நானே செய்த ஜே-போல், ஆங்கில ஜே எழுத்து வடிவத்தில் செங்குத்தாக நிற்பது. ஏ.சி. மெக்கானிக்கிடம் அரை இஞ்ச் செம்புக் குழாய் வாங்கி, நீளக் கை 147 சென்டிமீட்டர், குட்டைக் கை 49, இரண்டுக்கும் நடுவே 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி, அடியிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டரில் கேபிள் இணைப்பு. அந்த இணைப்பை மேலும் கீழும் நகர்த்தித்தான் எஸ்.டபிள்யூ.ஆரை (அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது) குறைக்க வேண்டும், அளவு நாடாவை நம்பி ஒரேயடியாகப் பற்றவைத்துவிடாதீர்கள். கேபிளை ஆன்டெனாவுக்குக் கீழேயே நாலைந்து சுற்று சுற்றிக் கட்டினால் கேபிளின் வெளிப்புறமும் ஆன்டெனா மாதிரி நடந்துகொள்வது நிற்கும்.

கேபிள் மட்டும் கையில் கிடைத்ததைப் போட்டேன். ஆர்ஜி-58, மாடியிலிருந்து கீழ் அறை வரை 30 மீட்டர். மாமா வீட்டிலும் இதே மாதிரி ஜே-போல், அங்கே கேபிள் 15 மீட்டர். செட்டில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மாட்டிப் பார்த்தேன், 1.4. நல்ல எண். முதல் நாள் சாயங்காலம் இரைச்சலுக்குள்ளிருந்து மாமாவின் குரல் இரண்டு மூன்று வார்த்தை வந்தது. "மருமவனே... கேக்குதா..." அவ்வளவுதான். ஆனாலும் வந்தது என்பதால் ஆன்டெனா சரி, மலைதான் தடை என்று எழுதி வைத்துவிட்டேன். அந்த ஒரு வரிக் குறிப்பு எனக்கு ஒன்றரை வருடத்தைத் தின்றது.

ரிப்பீட்டர் ஆசை

மலை தடை என்றால் மலைமேல் ரிப்பீட்டர். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ரிப்பீட்டர் என்றால் ஒரு அலைவரிசையில் கேட்டதை அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் திருப்பிச் சொல்கிற நிலையம், உயரமான இடத்தில் இருக்கும், அதனால் இரண்டு பள்ளத்தில் இருப்பவர்களும் அதன் வழியாகப் பேசலாம். 2 மீட்டர் என்று நாங்கள் சொல்கிற 144–146 அலைவரிசையில் கேட்பதற்கும் சொல்வதற்கும் இடையே 600 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி.

அந்த 600 கிலோஹெர்ட்ஸில்தான் எல்லாச் சிக்கலும். அம்மன் கொடையில் மேளக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, நூறு அடி தள்ளி ஒருவர் மெல்லச் சொல்வதைக் கேட்க முயன்றிருக்கிறீர்களா? ரிப்பீட்டரின் ரிசீவர் நிலைமை அதுதான். பக்கத்திலேயே 25 வாட் கத்திக்கொண்டிருக்கும்போது தூரத்துக் கைச் செட்டின் மெல்லிய ஒலியைப் பிடிக்க வேண்டும். இரண்டையும் பிரிக்க 80, 85 டெசிபெல் தடுப்பு தேவை (டெசிபெல் என்பது மடங்குக் கணக்கு, 10 என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு). அதைத் தருவது டியூப்ளெக்சர். நான் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி, ஆறு திருகு. அது 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் செய்தது என்பது விவரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. 600 கிலோஹெர்ட்ஸுக்கு அதைத் திருகினால் தடுக்க வேண்டியதையும் விட வேண்டியதையும் சேர்த்தே விழுங்கியது. 2 மீட்டருக்கு வேண்டியது ஆளுயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிற்கிற உலோக உருளைகள், நாலு அல்லது ஆறு, அதைத்தான் கேவிட்டி என்கிறோம். அலைநீளத்தில் கால் பங்கே அரை மீட்டர் வருகிறது, உள்ளங்கைப் பெட்டிக்குள் அது எப்படி அடங்கும் என்று வாங்கும்போதே யோசித்திருக்கலாம்.

சரி, 434–438-க்குப் போகலாமா என்றால் அங்கே வேறு கணக்கு. அமெரிக்கா மாதிரி நாடுகளில் அந்த அலைவரிசையில் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடுவது வழக்கம், அதற்குத்தான் மலிவான டியூப்ளெக்சர்கள் வருகின்றன. நமக்கு ஒதுக்கியிருப்பதே மொத்தம் 4 மெகாஹெர்ட்ஸ். 5 எங்கே வைப்பது?

அனுமதிச் சிக்கலும் உண்டு. நிலையான ரிப்பீட்டருக்கு டபிள்யூ.பி.சி.யிடம் தனி அனுமதியும் அலைவரிசை ஒதுக்கீடும் வாங்க வேண்டும், நம் நாட்டில் பெரும்பாலும் கிளப்புகள்தான் அதைச் செய்கின்றன. நம் மாவட்டத்தில் உயரமான இடங்களில் நிறையப் பகுதி வனத்துறை நிலம். "மேலே ஒரு பெட்டியும் பேட்டரியும் வைத்துவிட்டு வந்துவிடலாம்" என்பது நடக்காது, நடக்கவும் கூடாது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு ரிப்பீட்டரைத் தள்ளி வைத்தேன், மாமாவோடு பேசும் முயற்சியும் கூடவே தூங்கிவிட்டது.

ஆன்டெனாவைக் கழற்றியும் 1.2

அடுத்த வருட ஐப்பசி மழை முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் நானோ வி.என்.ஏ. கொண்டுவந்தார். கைக்கடக்கமான அளவுக் கருவி, ஆன்டெனா எந்த அலைவரிசையில் எப்படி நடந்துகொள்கிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். கீழ் அறையில் கேபிள் முனையில் மாட்டினோம். 145-இல் 1.15. முதல் நாள் பார்த்த 1.4-ஐ விட நல்லது. 140-இல் பார்த்தோம், 1.2. 150-இல் பார்த்தோம், அதுவும் 1.2. நண்பர் சந்தோஷப்படவில்லை. "இவ்வளவு அகலமா ஒரு ஜே-போல் இருக்காதே" என்றார். ஜே-போலின் கோடு நடுவில் பள்ளமாகவும் இரண்டு பக்கமும் செங்குத்தாகவும் ஏற வேண்டும். இது தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடந்தது.

அப்புறம் அவர் சொன்னதைச் செய்தேன். மாடிக்குப் போய் ஆன்டெனாவிலிருந்து கேபிளைக் கழற்றி, முனையை வெறுமனே காற்றில் விட்டேன். கீழேயிருந்து அவர் கூப்பிட்டார். ஆன்டெனாவே இல்லாத கேபிள், 1.2 காட்டுகிறது.

இதன் பொருள் என்ன என்று விளக்குகிறேன், ஏனென்றால் இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால் எனக்கு ஒன்றரை வருடம் மிஞ்சியிருக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் பார்ப்பது, போன சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை மட்டும். முனை திறந்த கேபிளில் போனது முழுதும் திரும்பி வர வேண்டும், மீட்டர் மிக உயர்ந்த எண்ணைக் காட்ட வேண்டும். திரும்பி வரவில்லை என்றால் வழியிலேயே கேபிள் அதைத் தின்றுவிட்டது என்று பொருள். 1.2 என்றால் போய்வருவதில் 20 டெசிபெல் இழப்பு, ஒரு வழிக்கு 10. பத்து டெசிபெல் என்பது பத்தில் ஒரு பங்கு. நான் 25 வாட் அனுப்ப, ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டரை வாட். கேட்கும்போதும் அதே இழப்பு, மாமாவின் மெல்லிய சிக்னல் செட்டுக்கு வரும் முன்னே பத்தில் ஒன்றாகிவிடும். கேபிள் கெடக் கெட மீட்டர் இன்னும் நல்ல எண்ணைத்தான் காட்டும், முதல் நாள் 1.4 இப்போது 1.15 ஆனதற்கும் அதுதான் காரணம்.

புதிதாக இருந்தபோதே அந்தக் கேபிள் சரியில்லை. ஆர்ஜி-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபெல் இழக்கும். 30 மீட்டரில் 6. அதாவது முதல் நாளே 25 வாட்டில் 6 வாட்தான் மேலே போயிருக்கிறது. மீதி 4 டெசிபெல் தண்ணீரின் வேலை. மேல்முனை பிஎல்-259 கனெக்டரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து இரண்டு சொட்டு வந்தது, துரு கலங்கிய தேயிலைத் தண்ணீர் நிறத்தில். கேபிளின் கறுப்புத் தோலை ஒரு சாண் கீறினேன். செம்புப் பின்னல் பளபளப்பாக இருக்க வேண்டியது அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது, விரலால் தேய்த்தால் பச்சைத் தூள் ஒட்டியது. இன்னும் ஒரு சாண், அதே. ஒரு மீட்டர், அதே. பின்னலுக்குள் தண்ணீர் திரி மாதிரி ஏறி இறங்கும். கனெக்டர்மேல் நான் சுற்றியிருந்தது வயரிங் வேலைக்கான சாதாரண இன்சுலேஷன் டேப், வெயிலில் அதன் பசை உருகி, மழைக்கு முன்பே பிரிந்திருக்கிறது.

எல்எம்ஆர்-400 வகைக் கேபிள் 30 மீட்டர் வரவழைத்தேன். அதன் இழப்பு 100 மீட்டருக்கு 5 டெசிபெல்தான், 30 மீட்டரில் ஒன்றரை. செட்டின் விலையில் பாதிக்கு மேல் ஆனது, ஆனால் எட்டரை டெசிபெல் திரும்பக் கிடைத்தது, இரண்டு திசையிலும். அதே லாபத்தைச் சக்தியைக் கூட்டி வாங்க வேண்டுமென்றால் 175 வாட் செட் வேண்டும், அதுவும் கேட்பதற்கு உதவாது. கனெக்டர்மேல் இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப், அதன்மேல் வெயில் தாங்கும் டேப், கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் படிய. கனெக்டருக்கு முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

அன்றைக்கு ராத்திரி மாமாவைக் கூப்பிட்டேன். இரைச்சல் இருந்தது, ஆனால் முழு வாக்கியம் வந்தது. மழை எவ்வளவு, கரண்ட் இருக்கிறதா, கால் வலி எப்படி என்று பத்து நிமிடம் பேசினோம்.

வாழைநார் கட்டிய மரங்கள்

இரைச்சலையும் போக்க வேண்டும், மழைக்காலத்தில் இலை நனைந்தால் இந்த அளவும் நிற்காது. மாமா வீட்டுக்குத் தெற்கே, சரியாக என் திசையில், ஒரு மேடு. அங்கே எந்த இடத்தில் ஆன்டெனா வைப்பது என்று ஊகிக்காமல் தேடினோம். மாமா கைச் செட்டோடு விளைக்குள் நடந்தார், நான் ஒவ்வொரு நிமிடமும் கூப்பிட்டேன். கேட்ட இடத்தில் ரப்பர் மரத்தில் ஒரு வாழைநார், நன்றாகக் கேட்ட இடத்தில் இரண்டு. வீட்டு முற்றத்தில் ஒன்றும் இல்லை. ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டுப் பக்கம் ஒரு நார். விளையின் மேல் எல்லையில் ஒரு பழைய அயினி மரம் நிற்கிறது, அதன் அடியில், வெறும் 5 வாட் கைச் செட்டில், "மருமவனே, இஞ்ச நல்லாட்டு கேக்குது, பக்கத்துல நிண்ணு பேசுத மாதிரி" என்றார். மூன்று நார் கட்டச் சொன்னேன்.

அயினி மரத்திலிருந்து வீடு ஐம்பது மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 60 மீட்டர் எல்எம்ஆர்-400 போட்டால் 3 டெசிபெல் போகும், பாதிச் சக்தி. முற்றத்திலிருந்து மேட்டுக்கு வந்ததில் கிடைத்தது அதைப் போலப் பல மடங்கு, அதனால் யோசிக்காமல் போட்டோம். தரையில் புதைத்தால் பன்றி கிளறும், மரத்தில் கட்டினால் பால்வெட்டுக்கு வருபவர் கத்தி படும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற கறுப்பு ஹோஸுக்குள் கேபிளை இழுத்து, கையாலை (எல்லைச் சுவர்) கல்லோடு ஒட்டிக் கொண்டுபோனோம்.

ஆன்டெனா அங்கே ஜே-போல் இல்லை, மூன்று கம்பி யாகி, அதாவது ஒரே திசையை நோக்கிச் சக்தியைக் குவிக்கிற வகை. எங்கள் பக்கம் பல வீட்டுப் பரணில் பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா இன்னும் கிடக்கிறது. திருவனந்தபுரம் பார்த்தும், கடலோரத்தில் இலங்கை ரூபவாகினி பார்த்தும் திருப்பி வைத்த காலத்து அலுமினியக் குழாய்கள், துருப்பிடிக்காதவை. மாமா வீட்டுப் பரணில் இருந்ததை வெட்டி 145-க்கு அளவெடுத்துச் செய்தோம். மூன்று கம்பி யாகி, சாதாரண அரை அலை ஆன்டெனாவை விட ஏறக்குறைய 5 டெசிபெல் கூடுதல் தரும், கேபிளில் போன 3-ஐ ஈடுகட்டிவிட்டது. கம்பிகள் செங்குத்தாக நிற்க வேண்டும், என் ஜே-போலும் செங்குத்து என்பதால். ஒன்று படுத்தும் ஒன்று நின்றும் இருந்தால் 20 டெசிபெல் வரை இழக்கலாம். முதலில் யாகியை ஒரு கமுகில் கட்டினோம். கமுகு உயரம், நேர், உலோகமில்லை, எல்லாம் சரி, ஆனால் காற்றில் ஆடும், ஆன்டெனாவும் திரும்பும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அங்கே வருவதில்லைதான், மேற்குக் காற்றே போதுமாக இருந்தது. இரண்டு வாரத்தில் இறக்கி ஜி.ஐ. குழாய் நட்டோம். குழாய் கம்பிகளுக்கு இணையாக நடுவே நின்றால் யாகி கெட்டுப்போகும் என்பதால் பின்முனையிலிருந்து நீட்டிப் பிடித்திருக்கிறோம்.

இப்போது எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையே இரைச்சல் இல்லை. ரிப்பீட்டரும் இல்லை.

இடி

சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் இடி தினமும் வரும். மேட்டின்மேல் உலோகக் குழாய் நட்டுவிட்டு இதைப் பற்றி எழுதாமல் விட முடியாது. குழாய் அடியிலேயே எர்த். மாமா விளையில் கம்பியை அடித்தால் ஒன்றரை அடியில் பாறை, அதனால் நாலு இடத்தில் ஆழம் குறைந்த குழி வெட்டி, கரியும் உப்பும் இட்டு, செம்புப் பட்டையால் சேர்த்தோம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் (இடியின் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி), அதன் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒன்றாக இணைந்தது. ஆனால் இவற்றை விட நான் நம்புவது கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுவதை. போன வருடம் என் வீட்டுக்கு அடுத்த விளையில் தென்னையில் இடி விழுந்தது. கழற்றிப் போட்டிருந்த ரேடியோ பிழைத்தது. கழற்றாத இன்டர்நெட் ரூட்டரும் இன்வெர்ட்டர் போர்டும் போயின.

ரிப்பீட்டர் எங்கே தேவைப்பட்டது

நிலையான இரண்டு வீட்டுக்கு ரிப்பீட்டர் வேண்டியிருக்கவில்லை. நடந்து திரிகிறவர்களுக்கு, கைச் செட்டோடு முட்டத்திலும் திருவட்டாறிலும் இருப்பவர்கள் பேசிக்கொள்வதற்கு, அது வேண்டும். எங்கள் நண்பர்கள் சேர்ந்திருக்கும் கிளப் முறையாக விண்ணப்பித்து அனுமதி வாங்கிய பிறகு, வேளிமலைப் பக்கம் மேட்டில் ஒரு நண்பரின் தோட்டத்து வீட்டு மாடியில் வைத்தோம். கேபிள், ஆன்டெனா வேலை என்னுடையது. அதில் படித்தது இரண்டைச் சொல்கிறேன்.

வீட்டில் என்னைக் காப்பாற்றிய எல்எம்ஆர்-400 ரிப்பீட்டருக்கு ஆகாது. அதன் மறைப்பில் அலுமினியத் தாளும் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னலும் ஒன்றன்மேல் ஒன்று உரசுகின்றன. ஒரே கேபிளில் ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் செய்யும்போது அந்த உரசல் இரைச்சலாக மாறி ரிசீவருக்குள் வரும். முதலில் நாங்கள் அதைத்தான் போட்டோம். காற்றில்லாத ராத்திரியில் நன்றாக இருந்தது, காற்றடித்தால் கரகரத்தது. கேபிளைக் கையால் ஆட்டினால் கரகரப்பு வந்தது, அப்போதுதான் பிடிபட்டது. அரை இஞ்ச் கெட்டிச் செம்பு உறைக் கேபிளுக்கு மாற்றியதும் நின்றது. மாடியில் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த தகரக் கூரை ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் எடுத்தோம். துருப்பிடித்த இணைப்பும் இதே வேலையைச் செய்யும், கடற்காற்று அடிக்கிற ஊரில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

ரிப்பீட்டரின் காதைச் சோதிக்க ஒரு வழி: தூரத்தில் ஒருவர் சக்தியைக் குறைத்து, கேட்டும் கேட்காமலும் இருக்கிற அளவில் பேசட்டும். ரிப்பீட்டரின் டிரான்ஸ்மிட்டரை அணைத்து ரிசீவரை மட்டும் நேராகக் கேளுங்கள், அப்புறம் டிரான்ஸ்மிட்டரைப் போடுங்கள். போட்டதும் அவர் குரல் இரைச்சலில் மூழ்கினால் டியூப்ளெக்சர் இன்னும் சரியாகவில்லை. இந்தச் சோதனையை நாங்கள் ஒரு நாள் முழுக்க, கேவிட்டித் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று நகர்த்தி நகர்த்திச் செய்தோம்.

பேட்டரிக் கணக்கு: அனுப்பும்போது 6 ஆம்பியர், சும்மா இருக்கும்போது அரை ஆம்பியருக்குள். நாளில் கால் பங்கு நேரம் பேச்சு நடந்தால் சராசரி 2 ஆம்பியர், ஒரு நாளுக்கு 48 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம் என்பதால் அது சரியாக ஒரு நாள். ஒக்கிக்குப் பிறகு எங்கள் பக்கம் கரண்ட் வரப் பல நாள் ஆனது. அதனால் இரண்டு பேட்டரியும் இரண்டு 100 வாட் சோலார் பலகையும் வைத்திருக்கிறோம், யாராவது பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும்படி டைமரும் உண்டு. புயல் நாளில் வெயில் இருக்காது, அந்த நாளில் சக்தியை 25-இலிருந்து 10 வாட்டுக்கு இறக்கிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இப்போது வருடத்துக்கு இரண்டு முறை, சித்திரை இடிக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும், இரண்டு வீட்டிலும் கேபிளின் மேல்முனையைக் கழற்றித் திறந்து வைத்து அளக்கிறேன். என் வீட்டுக் கேபிள் போன முறை 5-க்கு மேல் காட்டியது, ஒன்றரை டெசிபெல் கேபிளுக்கு அதுதான் சரி. மாமா வீட்டு 60 மீட்டரில் எண் போன வருடத்தை விடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அயினி மரத்தடிக் கனெக்டரில் டேப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும், வருகிற ஞாயிறு ஏணியோடு போகிறேன்.